பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்

வாழ்க்கைத் திறன் கையேடு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

வெளிநாட்டில் எழுதிய வாழ்க்கைத் திறன் பாடங்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்காக மாற்றி எழுத உட்காரும் ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், கருத்தாளர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இந்த வேலை ஏதாவது ஓர் இடத்தில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அரசுப் பயிற்சி நிறுவனங்களில் நடக்கிறது, தொண்டு நிறுவனங்களில் நடக்கிறது, தனியார் பள்ளிகளிலும் நடக்கிறது. சில நாள் பயிலரங்கு, ஓர் ஆங்கிலக் கையேடு, "நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்துருங்க" என்று ஒரு வரி. எப்படி மாற்றுவது, எதை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கை முதலில் பெயர்களுக்குத்தான் போகிறது. ஜான் முருகன் ஆகிறான். பீட்சா இட்லி ஆகிறது. பிறந்தநாள் விருந்து பொங்கல் விழா ஆகிறது. பாடத்தின் தலையில் ஒரு குறள் ஏறுகிறது. அச்சாகி வந்த கட்டகங்கள் வட்டார வள மையத்து அலமாரியில் கட்டுப்பிரிக்காமல் கிடக்கின்றன. நீங்கள் எழுதுவதும் அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கைக்கு வரும் கையேடு எந்த நாட்டில் இருந்து வந்தாலும் அதன் பின்னால் அநேகமாக ஒரே பட்டியல்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1993-ல் பள்ளிகளுக்கான வாழ்க்கைத் திறன் கல்வி பற்றி வெளியிட்ட ஆவணத்தில் வந்த பத்துத் திறன்கள் அவை: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லுதல், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். பயிற்சிகளில் இந்தப் பத்தையும் ஒப்பிக்க வைப்பார்கள். அதே ஆவணம், வாழ்க்கைத் திறன் எது என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு, சூழலுக்குச் சூழல் மாறும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை யாரும் ஒப்பிக்க வைப்பதில்லை. பட்டியல் ஊர் விட்டு ஊர் போகும். பட்டியலுக்குக் கீழே இருக்கும் பயிற்சிகள் அப்படிப் போகாது. அவை பிறந்த மண் வேறு. நியூயார்க்கில் கில்பர்ட் பாட்வின் என்ற ஆய்வாளர், 1970களின் இறுதியில் பள்ளி மாணவர்கள் புகைப்பதைத் தடுக்க ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் "வேண்டாம் என்று சொல்" பாடங்களில் பலவற்றில் அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளையின் சாயல் இருக்கிறது.

அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் பெரியவர்கள் இல்லை. நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். ஒருவன் சிகரெட்டை நீட்டுகிறான். மாணவன் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, உறுதியான குரலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். இதைத் தெற்கு மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு நடத்திய ஆசிரியை, கையேட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு இப்படித் தொடங்கினார்: "எட்டாவது படிக்கிற ஒரு பையன். பேரு வேண்டாம். ஊர்ல கோயில் கொடை. ராத்திரி பதினொரு மணி. மதினி வீட்டுத் திண்ணையில அவனோட சித்தப்பா உட்கார்ந்திருக்காரு. டம்ளரை நீட்டி, 'ஏலே, ஒரு மடக்குக் குடிச்சுப் பாருல, ஆம்பளப் பயதானே'ங்குறாரு. அவன் என்ன செய்வான்?"

வகுப்பில் அதுவரை இல்லாத சத்தம். "குலசை தசராவுக்கு மாலை போட்டிருக்கேன்னு சொல்லிருவான், டீச்சர்" என்றான் ஒருவன். "அது புரட்டாசியிலதான செல்லும், ஆடிக் கொடையில என்ன செய்வான்?" என்று அடுத்தவன் மடக்கினான். அம்மா கூப்பிடுறா என்று சொல்லி எழுந்துவிடலாம் என்றது ஒரு குரல். டம்ளரை வாங்கி வேட்டி மறைவில் கீழே ஊற்றிவிடலாம். வில்லுப்பாட்டு நடக்கும் பக்கம் போய் ஆச்சி மடியோரம் உட்கார்ந்துவிடலாம், அங்கே எந்தச் சித்தப்பாவும் டம்ளரோடு வரமாட்டார். முதலிலேயே அந்தத் திண்ணைப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். அரை மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிட்டது. சித்தப்பாவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து வேண்டாம் என்று சொல்வான் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

கோழைத்தனத்தால் சொல்லாமல் விட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சித்தப்பாதான் நாளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் சைக்கிளுக்கும் நிற்பவர். உறவை அறுக்காமல் ஆபத்தை மட்டும் தள்ளிவிடுவது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் நமக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையை எடுத்து, சீராக்கி, தைரியமில்லாத பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வதுதான் உங்கள் வேலை.

அப்போது ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "எங்ககிட்டக் குடின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, டீச்சர். கடையில போயி தண்ணிப் பாக்கெட்டும் மிச்சரும் வாங்கிட்டு வான்னுதான் சொல்வாங்க. வாங்கிட்டுப் போயிக் குடுக்குற எடத்துலதான் பயமா இருக்கும்." நியூயார்க்கில் எழுதிய எந்தக் கையேட்டிலும் இந்த வரி இருக்காது. நம் கையேட்டில் இது இல்லையென்றால், அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பாடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மைக்கேல் ஹெக்ட், ஃபிளாவியோ மார்சிலியா என்ற ஆய்வாளர்கள் "கீப்பின் இட் ரியல்" என்ற போதைத் தடுப்புப் பாடத்தை உருவாக்கினார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை அது. பள்ளிப் பிள்ளைகளிடம் கதை கேட்டு, அவர்கள் நிஜமாகவே தப்பித்த வழிகளைத் தொகுத்து, நான்காகப் பிரித்தார்கள்: மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, இடத்தை விட்டுப் போவது. மெக்சிகக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த ஃபீனிக்ஸ் நகரப் பள்ளிகளில் அதைப் பரிசோதித்தார்கள். பிறகு மெக்சிகோ நாட்டுக்கே அது போனபோது, ஸ்பானிய மொழியில் பெயர்த்தால் போதும் என்று விடாமல் அந்த நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மறுபடி திருத்தினார்கள். நம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையைத் திரும்பிப் பாருங்கள். மாலை போட்டிருக்கேன் என்பது காரணம். திண்ணைப் பக்கம் போகாதது தவிர்ப்பு. ஆச்சியிடம் போவது விலகல். நான்கில் மூன்று நம் பிள்ளைகளிடம் கைவசம் இருக்கிறது. வழியை இரவல் வாங்கலாம். கதையை இங்கேதான் எடுக்க வேண்டும்.

எதை மாற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியை எடுத்துவிடாதீர்கள். பிள்ளை எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தடுமாறி, மறுபடி சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கல்வியின் உயிர். மாற்றி எழுதுகிறோம் என்ற பெயரில் நம் ஊரில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். நாடகமாக இருந்த பாடம் சிறுகதை ஆகும். சிறுகதை நீதிக்கதை ஆகும். நீதிக்கதை கடைசியில் "ஆகவே மாணவர்களே" என்று முடியும். மாநில அளவில் சில நாள் நடந்த பயிற்சி மாவட்டத்தில் ஒரு நாளாகி, வட்டாரத்தில் அரை நாளாகி, பள்ளிக்கு வரும்போது ஒரு சுற்றறிக்கையாக நிற்கும். அறுபது பிள்ளைகள், நகர்த்த முடியாத பெஞ்சுகள், கணக்கு ஆசிரியர் கடன் கேட்கும் பாடவேளை, இதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்காகப் பயிற்சியை எடுத்துவிட வேண்டியதில்லை. வட்டமாக உட்கார முடியாத வகுப்பில் முன் பெஞ்சுக்காரர்கள் பின்பக்கம் திரும்பிக்கொண்டால் நான்கு பேர் கொண்ட குழு கிடைத்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசட்டும், சத்தம் வரட்டும். "பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு" என்று தலைமையாசிரியர் வந்து நின்றால் காட்டுவதற்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி அச்சிட்டு வையுங்கள்: இந்தப் பாடத்தில் சத்தம் இருக்கும்.

நம் ஆசிரியர்களால் இதையெல்லாம் நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் காட்டியிருக்கிறது. கர்நாடகத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களையே பயிற்றுவித்து வாழ்க்கைத் திறன் வகுப்புகளை நடத்திப் பார்த்த ஶ்ரீகலா பரத், கிஷோர் குமார் இருவரும் 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். திட்டத்தில் இருந்த பிள்ளைகளின் தன்மதிப்பும், நெருக்கடியைச் சமாளிக்கும் நம்பிக்கையும், பள்ளியோடும் ஆசிரியர்களோடும் பொருந்திப்போவதும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தன. அதே ஆய்வில், வீட்டிலும் நண்பர்களிடமும் பொருந்திப்போவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினால் பள்ளிக்கூடத்தில் பலன் தெரிகிறது. வீட்டுத் திண்ணையும் தெருமுனையும் பாடத்துக்குள் வராமல் அங்கே மாற்றம் வரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

தெருமுனை என்றதும் சாதியைப் பேசாமல் போக முடியாது. வெளிநாட்டுக் கையேடுகளில் முதல் வகுப்பு அறிமுக விளையாட்டாக இருக்கும். உன் பெயரை யார் வைத்தார்கள், அதன் கதை என்ன? உன் குடும்ப மரத்தை வரை. உங்கள் வீட்டில் கொண்டாடும் விழா எது? உன் தெருவின் படத்தை வரைந்து காட்டு. வேறு நாட்டில் இது கூச்சத்தைப் போக்கும் விளையாட்டாக இருக்கலாம். நம் வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் யார் எந்தத் தெரு, யார் எந்தக் கோயில், யார் என்ன சாதி என்று வகுப்பு முழுக்க விரித்துப் போட்டுவிடும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே பிள்ளைகள் சாதி பார்த்த பள்ளிகள் இங்கே உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, அந்தக் கயிறுகள் முதல் பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி ஒட்டுகள் வரை பேசுகிறது. அந்த அறிக்கையை வெளிநாட்டுக் கையேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். "தன்னை அறிதல்" பாடத்தில் குடும்ப மரம் வேண்டாம். அந்தப் பிள்ளை எதில் கெட்டிக்காரன், எதைக் கண்டால் பயப்படுகிறான், யாருக்கு என்ன உதவி செய்திருக்கிறான் என்று கேளுங்கள். "பிறர் நிலையில் நின்று பார்த்தல்" பாடத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளையை எழுப்பி உன் வலியைச் சொல் என்று கேட்கும் பயிற்சி எதையும் வைக்காதீர்கள். வகுப்புக்குக் காட்சிப்பொருளாக நிற்பது அந்தப் பிள்ளையின் கடமை இல்லை.

அப்படியே பெயர்க்க முடியாத இன்னொன்று முடிவெடுக்கும் பாடம். நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் எழுதி, கூட்டிக் கழித்து, நீயே முடிவெடு என்பார்கள். பத்தாவது முடித்த பெண் பயாலஜி குரூப் எடுப்பதா, படிப்பையே நிறுத்துவதா என்பது நம் ஊரில் எத்தனை வீட்டில் அவள் முடிவு? அந்தத் தாளை அழகாக நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அங்கே அப்பா, அண்ணன், தாய்மாமன் மூன்று பேரும் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். அவளுக்குத் தேவையான திறன், வீட்டில் யாரிடம் முதலில் பேசுவது, எப்போது பேசுவது, யாரைத் துணைக்குச் சேர்ப்பது என்பது. டீச்சரை வீட்டுக்கு வரச் சொல்லலாமா? அக்காளின் புருஷன் அப்பாவிடம் எடுத்துச் சொல்வாரா? நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் பெயரை எழுது என்ற பயிற்சியிலும் கவனமாக இருங்கள். தாய்மாமனைத்தான் பல பிள்ளைகள் முதலில் எழுதும். சில வீடுகளில் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவரே அவர்தான். குறைந்தது மூன்று பேரை எழுதச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

இதுவரை சொன்னதை வைத்து, பண்பாட்டுக்கு ஒவ்வாததை வெட்டிவிடலாம் என்று யாராவது முடிவு கட்டினால் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். 2005-ல் மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் எனப் பல மாநிலங்கள் நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று அதை நிறுத்தின. அதன் பாடநூலில் இருந்த படங்கள் சிலவற்றை மாற்றியிருக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. நிறுத்தியதால் யாருக்கு என்ன கிடைத்தது? மாதவிடாயைப் பற்றியும் தொடுகையைப் பற்றியும் பிள்ளை எங்கே தெரிந்துகொண்டது? பண்பாடு என்று சொல்லும்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களின் குரல்தான். மிச்சர் வாங்கிக்கொண்டு போய்ப் பயந்து நிற்கும் அந்தப் பெண்பிள்ளையும் இந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவள்தான். அவளிடமும் கேட்டுவிட்டு எதை வெட்டலாம் என்று முடிவு செய்யுங்கள்.

தொடுகைப் பாடத்தில் மட்டும் நான் மேலே புகழ்ந்த நாசூக்கு எதுவும் உதவாது. சித்தப்பாவின் டம்ளருக்கு மாலை போட்டதைக் காரணமாகச் சொல்லலாம். தொடக் கூடாத இடத்தில் தொடும் கைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கத்தலாம், கடிக்கலாம், ஓடலாம், மரியாதை பார்க்க வேண்டாம், மாமா ஆனாலும் சார் ஆனாலும் சொல்லிவிடலாம் என்று வெட்டவெளிச்சமாக எழுதுங்கள். உறவு பார்த்துப் பேசும் பாடமும் உறவு பார்க்காத பாடமும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் வகுப்பில் நடித்தே பழகட்டும். பக்கத்தின் அடியில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் பெரிய எழுத்தில் வேண்டும்.

இங்கேதான் கையேட்டின் இன்னொரு விதி இடிக்கிறது. "இந்த வட்டத்தில் பேசியது வெளியே போகாது" என்று பல கையேடுகள் வகுப்பைத் தொடங்கச் சொல்கின்றன. நம் ஊரில் ஆசிரியரும் பெற்றோரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள். பிள்ளை வகுப்பில் சொன்னது பிள்ளைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். சட்டமும் அந்த வாக்குறுதியை அனுமதிக்காது. 2012-ன் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. ஆசிரியர் காப்பாற்ற முடியாத வாக்கைப் பிள்ளையிடம் கொடுக்க வைக்காதீர்கள். அந்த எட்டாம் வகுப்பு ஆசிரியை "பேரு வேண்டாம்" என்று தொடங்கினாரே, அந்த முறையைக் கையேடு முழுக்கக் கொண்டுபோங்கள். பேச்செல்லாம் பெயரில்லாத ஒரு பையனைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ இருக்கட்டும். தன் கதையைச் சொல்ல விரும்பும் பிள்ளை வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் தனியாக வரட்டும். அப்படி வந்தால் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது, அன்றைக்கே யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் ஆசிரியருக்கென்று எழுதுங்கள். கையேட்டில் எதற்கு இடமில்லாமல் போனாலும் இந்தப் பக்கத்துக்கு இடம் வேண்டும்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். பயிலரங்கின் முதல் நாளை அறைக்குள் கழிக்காமல் பக்கத்துப் பள்ளியில் கழியுங்கள். கடலோரத்துப் பள்ளி ஒன்று, மலைப்பள்ளி ஒன்று, சென்னைக் கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளி ஒன்று என்று மூன்று இடத்திலாவது வரைவை நடத்திப் பாருங்கள். ராமேஸ்வரத்து மீனவப் பிள்ளைக்கும் வால்பாறை எஸ்டேட் பிள்ளைக்கும் பயமும் வேறு, துணையும் வேறு. பிள்ளைகளின் பையில் புழங்குவது சிகரெட்டா, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலைப்பட்ட கூல் லிப் என்ற புகையிலைப் பொருளா என்று அந்தந்த ஊர்ச் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். முதல் பதிப்பு மெலிதாக இருந்தால் போதும், ஆறு பாடம்கூடப் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, அதில் தன் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன வழிகளை ஆசிரியர் எழுதட்டும். ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களை வட்டார வள மையம் வழியாகத் திரும்ப வாங்கி, இரண்டாம் பதிப்பை அவற்றில் இருந்து எழுதுங்கள். அதற்கான நாளையும் ஆளையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்